பாகம் எண் 118, 119

எர்ரப்பனஅள்ளி அங்கன்வாடியில் முட்டை அவிக்கிறேன்.
தேர்தல் வந்தால் பட்டியல் சுமக்கிறேன்.
செத்தவரை நீக்கப் படிவம் ஏழு,
பதினெட்டு ஆனவரைச் சேர்க்கப் படிவம் ஆறு.
ஓசூருக்கு வாக்கப்பட்டுப் போனவள்
எந்தத் தெருவில் இருக்கிறாள் என்று
அவள் அம்மாவுக்கே தெரியாது.

118 ஊர். 119 காலனி.

ஊரில் ஐந்து கொடிக்கம்பம்.
ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு கரைவேட்டி, தம்பிக்கு ஒரு கரைவேட்டி.
தீர்த்தகிரி டீக்கடை பெஞ்சில் விரல் விட்டு எண்ணுவார்:
மேட்டுத் தெரு நமக்கு,
குறுக்குச் சந்து பாதிக்குப் பாதி,
தக்காளி மண்டிக்காரர்
ராத்திரி எந்தப் பக்கம் புரண்டு படுக்கிறாரோ அந்தப் பக்கம்.
எப்போதும் முப்பது நாற்பது தப்பும்.
எவன்டா அது என்று கேட்டுச் சிரிப்பார்கள்.
ஊருக்கு அந்த வசதி இருந்தது.

119க்கு இல்லை.
நானூற்றுப் பன்னிரண்டு பெயர், ஒரு மெஷின்.
செட்டிக்கரையில் ஒவ்வொரு மெஷினாகத் திறந்து
எண்ணை உரக்கப் படிப்பார்கள்,
கம்பிவலைக்குப் பின்னால் ஏஜென்ட் எழுதிக்கொள்வார்.
அவர்களுக்கு 340. இவருக்கு 31.
பதினொரு மணிக்கு அங்கே படித்தது
பதினொன்றே காலுக்கு டீக்கடையில் இருந்தது.

யாரும் அடிக்கவில்லை. திட்டவும் இல்லை.
ஒகேனக்கல் தண்ணீர்க் குழாய்
காலனிக்கு நூறடி முன்னால் நின்றது, அவ்வளவுதான்.
பைப் தீர்ந்துவிட்டது என்றார்கள்.
ஐந்து வருஷம் தீர்ந்தே இருந்தது.
என்னிடம் பால்பல்லோடு இருந்த பிள்ளைகள்
மூன்றாம் வகுப்பில்
வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார்கள்.
போர் தண்ணீர். முளைத்த பல்லில் பழுப்புக் கோடு.
நான் அதை
340க்கு 31 என்று படித்தேன்.

போன வருஷம் சாவடிக் கட்டட ஆய்வு.
காலனிப் பள்ளி, வடக்குச் சுவர்.
நல்ல நிலை, பழுது:
இரண்டில் ஒன்றுக்கு டிக் போட வேண்டும்.
விரிசல் இருந்தது.
பல்லி நுழையும், விரல் நுழையாது.
மாதேஷை போட்டோ எடுக்கச் சொன்னேன்.
வெயில் சாயட்டும்க்கா என்றான்.
சாய்ந்த வெயிலில் விரிசலுக்கு
நிழல் ஒரு கை கொடுத்தது.

பாலக்கோட்டில் துணைத் தாசில்தார்
போட்டோவைப் பார்த்தார்.
என்னைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார்.
ரெண்டும் சேர்ந்தா ஆயிரத்து அறுபத்தேழு,
வரம்புக்குள்ளதான் வருது என்று சொல்லி
முத்திரையைத் தேடினார்.

தீர்த்தகிரி ஆட்சேபணை எழுதிக் கொடுத்தார்.
‘எங்கள் வீட்டுப் பெண்கள் அதே வரிசையில்’
வரைக்கும் எழுதியிருந்தார்.
மிச்சத்தை எழுத்தில் போட முடியாது
என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது.

பெங்களூர் பஸ் விடியற்காலை வந்தது.
சிமென்ட் தின்ற விரல்கள்,
மை பிடிக்க இரண்டு தரம் வைக்க வேண்டியிருந்தது.
திப்பம்மாவுக்குப் பின்னால் மண்டிக்காரர் நின்றார்.
தொண்டையைச் செருமிப் பார்த்தார்.
அவள் திரும்பவில்லை.

118: அவர்களுக்கு 437. இவருக்கு 380.
மற்றவை நாற்பத்து நான்கு.
ராகியில் சாமை விழுந்தால் முறத்தில் பிரிக்கலாம்,
அரைத்த பிறகு?
தீர்த்தகிரி விரல் விட்டு எண்ணத் தொடங்கி
சுண்டுவிரலில் நின்றுவிட்டார்.
நான் எந்தத் தெரு என்று கேட்காதீர்கள்.
என் ஓட்டும் அந்த மாவில்தான் இருக்கிறது.

குழாய் இன்னும் வரவில்லை.
நூறடி நூறடியாகவே இருக்கிறது.
இப்போதெல்லாம் பஞ்சாயத்தில்
பைப் தீர்ந்துவிட்டது என்று சொல்லும்போது
யாரிடம் சொல்கிறோம் என்று
ஒரு நொடி தடுமாறுகிறார்கள்.

நேற்று மாதேஷ் சிமென்ட் கரண்டியோடு வந்தான்.
மழைக்கு முந்தி அந்த விரிசலை அடைச்சிரட்டுமாக்கா,
உள்ள பிள்ளைங்க உக்காருதுங்க.

அடுத்த ஆய்வு முடியட்டும் என்றேன்.
சொன்ன பிறகு
சுவரைப் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன்.
விரல் நுழைந்தது.