செல்லுபடி

இது நான்காவது வரைவு.
மதுரையில் ஒருவர் தமிழாக்கினார்.
மூலத்தைப் பார்த்தேயிராத இன்னொருவர்
அதைத் திரும்ப ஆங்கிலமாக்கினார்.
ஒரு காற்புள்ளி தவிர எல்லாம் பொருந்தியது.
குழு கையெழுத்திட்டது.
பிறகுதான் மண்டபத்துக்கு வந்தேன்,
அளவு நாடாவும் ஸ்டாப்வாட்சும்
கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்றும் கொண்டு.

பக்கவாதம் வந்து எழுந்தவர்களுக்குப்
பதினோரு வேலைகள்.
ஒவ்வொன்றுக்கும் சைபரிலிருந்து நாலு வரை.
நான் ஒரு தாளில் போடுவேன்,
நிசா எனக்குக் காட்டாமல் வேறொரு தாளில்.
இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

நம்புவேலிடம் ஆறாவதைப் படித்தேன்:
"தரையில் கிடக்கும் செருப்பை எடுங்கள்."
கிடந்தது என் செருப்பு.
அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
மடங்கிக்கொண்ட வலது கையை இடது கையால் பிடித்தபடி
சுவர்க் காலண்டரைப் பார்த்தார்.
பதினைந்து விநாடி.
நிசா எழுதினாள்: முயலவில்லை, சைபர்.
நான் ஒன்றும் போடவில்லை.
"அதெல்லாம் எங்க அப்பாவோட போச்சுங்க"
என்றார், வாய் ஒரு பக்கம் கோண.

மறுநாள் அதே இடத்தில் ஒரு தீப்பெட்டி.
குனிந்து எடுத்தார்.
காதருகே குலுக்கியும் பார்த்தார்.
நாலு.

கண்ணை மூடி நிற்கச் சொன்னதும்
"கச்சானா, வாடையா?" என்று கேட்டவருக்கு
என்ன போடுவதென்று இன்னும் முடிவாகவில்லை.

வியாழக்கிழமை இன்னாசியம்மாள் வந்தார்,
பாம்பன் தெற்குவாடியிலிருந்து, தனியாக, பஸ்ஸில்.
விரல்களில் பாசி பறித்த தழும்புகள்.
"ஆதரவின்றி இரண்டு நிமிடம் நில்லுங்கள்."
உட்கார்ந்தே இருந்தார்.
"ரெண்டு நிமிசமா?
தை மாசத்துலேர்ந்து அப்படித்தான நிக்கிறேன்."

என் கையில் வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது.
நிசா தாளிலிருந்து தலை தூக்கவில்லை.
அந்தச் சொல்லில்
மதுரையிலும் பிழையில்லை,
திரும்பிய ஆங்கிலத்திலும் பிழையில்லை.

அடித்தேன். மேலே பேனாவால் எழுதினேன்:
எதையும் பிடிக்காமல்.
படித்தேன்.
"அப்படிச் சொல்லுங்க" என்று எழுந்தார்.
இடுப்பு ஒருமுறை அலைந்தது.
இடது குதிகால் தரையைத் தேடிப் பிடித்தது.
வெளியே மீன் கூடைக்கு லக்கேஜ் கேட்டு
கண்டக்டர் யாரிடமோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.
இவர் நின்றார்.
நூற்றிருபது விநாடி.
நாலு. நிசாவும் நாலு.

மாராப்பைச் சரிசெய்துகொண்டே கேட்டார்:
"இந்த மார்க்கு
கழுத்தளவு தண்ணியில செல்லுமா?"

தாளில் குறிப்புகள் என்றொரு கட்டம் உண்டு,
ரொம்பச் சின்னது.
பென்சிலால் நுணுக்கி எழுதினேன், கேள்வியை மட்டும்.
நிசா பத்தொன்பதாம் ஆளைக் கூப்பிட்டாள்.
பெரியபட்டினத்துக்காரர்.
வாசலில் செருப்பைக் கழற்ற முடியாமல்
கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.