வினைச்சொல்லின் வால்

டுலூத், நவம்பர், விடிகாலை நாலரை.
ஏரி இருக்கிற திசையில்
இரும்புத்தாது ஏற்றிய கப்பல்
நீளமாய் ஒன்று, குட்டையாய் இரண்டு
ஊதிவிட்டு ஓய்கிறது.
ரொட்டிக்கடை திறக்க இன்னும் அரைமணி.
மடிக்கணினியில்
பதினேழு கல்லூரிகளுக்கும் ஒரே கடிதம்,
‘மதிப்பிற்குரிய சேர்க்கைக் குழுவினருக்கு’ என்பதோடு
மூன்று நாளாய் நிற்கிறது.

ஜூனில் நான் எழுதியது இவ்வளவுதான்:
இரண்டாம் ஆசிரியர் சிக்னி ராஸ்முசன்.
கட்டுரை வெளியானது.
ஆய்வகத்தில் தொள்ளாயிரம் மணிநேரம்.

கை கூசவில்லை.
வெளியாகும் என்று லியூபா சொன்னாள்.
வெளியாகிவிடும் என்று டாக்டர் ஓபர்ஹோல்ட்சர் சொன்னார்.
வெளியானது என்று நான் எழுதினேன்.
ஒரு வினைச்சொல்லின் வால்தானே,
கொஞ்சம் முன்கூட்டியே நறுக்கிவிட்டேன்.
முழுப் பூசணி இல்லை, ஒரு கீற்று.
மறைக்கச் சோறும் இருந்தது.

ஆகஸ்டில் கட்டுரை திரும்பி வந்தது.
நான்காம் படம் நிற்காது என்றார்கள்.
நான்காம் படம் என்னுடையது.
இருபத்தெட்டு டிகிரி நீரில்
வரிக்குதிரை மீன்குஞ்சுகளின் இதயத் துடிப்பு.
கண்ணாடி உடம்புக்குள்
கடுகளவு சிவப்பு அடித்துக்கொள்ளும்,
விரலால் சொடுக்கியைத் தட்டித் தட்டி
எண்ணிக்கொண்டே இருப்பேன்.
வெப்பமானி ஒன்றரை டிகிரி பொய் சொல்லியிருக்கிறது.
யாரும் அதைத் திட்டவில்லை.
‘ஒன்றரை கூட்டிப் படிக்கவும்’ என்று
மஞ்சள் சீட்டு ஒட்டி
அதே ஆணியில் மாட்டினார்கள்.

படம் போயிற்று.
படத்தோடு என் பெயரும் மேலிருந்து இறங்கி
கடைசிப் பக்கத்தின் நன்றிப் பத்தியில்
தொட்டி கழுவிய பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.
அவன் பெயரில் எழுத்துப்பிழை வேறு.

விண்ணப்பம் அதற்குள் பூட்டிக்கொண்டுவிட்டது.
ஆலோசகர் க்ளாடின்
மிட்டாய்க் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.
‘நீ சொல்லாவிட்டால் தெரியாது.
சொன்னால் தெரியும்.
அதற்கு மேல் என்னைக் கேட்காதே.’
புதினா மிட்டாய். காலாவதியானது.

போய்க் கதவின் அட்டைப் பதிவைக் கேட்டு வாங்கினேன்.
கதவு எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தது.
உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே,
கூட்டினால்
அறுநூற்றுப் பன்னிரண்டு.

மீதி இருநூற்று எண்பத்தெட்டு மணிநேரம்
நான் எங்கே இருந்தேன்?
மாவு பிசைந்தேன்.
கார்க் கண்ணாடியில் பனி சுரண்டினேன்.
மார்ச்சில் ஒரு முழு வாரம்
போர்வைக்குள் கிடந்தேன், யாரிடமும் சொல்லவில்லை.
ஒரு ஞாயிறு
கலங்கரை விளக்கம் வரை நடந்து
அதைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன்,
எதற்கென்று இன்றைக்கும் தெரியாது.
அந்த மணிகளையெல்லாம்
என்னைக் கேட்காமலே
மீன்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கடிதம்.
‘ஒரு சிறு தவறு நேர்ந்துவிட்டது.’
நேர்ந்ததா?
விபத்து நேரும். காய்ச்சல்கூட நேரலாம்.
அழித்தேன்.
‘தவறுதலாகக் குறிப்பிடப்பட்டுள்ளது.’
யாரால்? ஆவியாலா?
அழித்தேன்.
‘வருந்துகிறேன்’ என்பதை மட்டும்
நான்கு இடத்தில் வைத்துப் பார்த்தேன்,
எங்கே வைத்தாலும்
ஏதோ கேட்டு நிற்பதுபோலவே இருந்தது.
அதையும் எடுத்துவிட்டேன்.

மிஞ்சியது:
வெளியானது என்று நான் எழுதினேன். வெளியாகவில்லை.
என் பெயர் ஆசிரியர்களில் இல்லை, நன்றியில் இருக்கிறது.
மணிநேரம் அறுநூற்றுப் பன்னிரண்டு.
பதிவை இணைத்திருக்கிறேன்.

பதினேழு முறை தட்டினேன்.
சொடுக்கியில் எண்ணியது போலவே இருந்தது,
இந்தத் தடவை துடித்தது
மீனுடையது அல்ல.

உடனே ஒரு பதில்!
‘எங்கள் கல்லூரியில் நீங்கள் காட்டும் ஆர்வத்துக்கு நன்றி.’
இயந்திரம்.
மற்ற பதினாறும் உறங்குகின்றன.
வியாழக்கிழமை மேடிசனில் நேர்காணல்,
இருக்கிறதா இல்லையா,
பேருந்துச் சீட்டை இன்னும் ரத்து செய்யவில்லை.

கடைக்குப் போய்ச் சேர ஐந்து ஏழு.
வெர்ன் முழங்கை வரை மாவோடு
அடுப்படியிலிருந்து தலையை நீட்டினார்.
‘ஏழு நிமிஷம்தானே,
தாளில் ஐந்து என்றே போட்டுக்கொள்.’
பேனா எங்கே என்று கேட்டேன்.