காட்பாடி முத்திரை

பார்வையாளர் பதிவேட்டில் ‘வாசகன்’ என்று எழுதினேன்.
பெட்டி ஒன்பதைத் திறந்து
கையுறை கொடுத்தாள் நூலகப் பெண்.
விரலுக்குப் பத்தவில்லை.
முப்பத்தோரு வருஷம் வெறுங்கையால்
ஊர் ஊராகப் பிரித்துப் போட்ட விரல்.

சுகிர்தம் ஜேசுபாதம், கொசப்பேட்டை, வேலூர்.
அந்த விலாசத்துக்கு அப்போதெல்லாம்
பத்திரிகைக்காரர்கள் திருப்பியனுப்பிய கதைகள்தான் வரும்.
தடித்த உறை, ஓரம் நைந்திருக்கும்.
அந்தம்மாவின் நாவலை நைட் டூட்டியில் படித்திருந்தேன்.
பொறுக்கவில்லை.

ஆம்பூர் தோல் வியாபாரி அப்துல் வஹாப்,
குடியாத்தம் தெய்வநாயகி,
போளூர் சம்பத் நயினார்,
திருப்பத்தூர் எல்லப்பன்:
நாலு பேரும் நான்தான்.
வஹாபுக்குச் சாய்வெழுத்து. நயினாருக்கு இடது கை.
எல்லப்பனுக்கு ஒற்று எங்கே மிகுமென்று தெரியாது,
எனக்கும்தான்.
தெய்வநாயகிக்கு என் கடைவாய்ப் பல்வலியைக் கொடுத்தேன்.

பதில் போடுவார்.
எந்தப் பதிலும் காட்பாடியைத் தாண்டாது.
ராத்திரி இரண்டு மணிக்கு,
மெயில் வண்டி வருமுன் எடுத்துச்
சட்டைக்குள் வைத்துக்கொள்வேன்.
வேலை போகிற குற்றம்.
நாற்பத்தாறு கடிதம் பரணில், துணிப்பையில்,
பென்ஷன் புத்தகத்துக்கு அடியில்.

நயினாரோடு மூன்று வருஷம் சண்டை போட்டார்.
எல்லப்பனுக்கு ஒற்றுத் திருத்தி அனுப்பினார், சிவப்பு மையில்.
தெய்வநாயகிக்கு,
‘கிராம்பெல்லாம் போதாது, பெரிய ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்,
வியாழக்கிழமை கூட்டம் குறைவு.’
வஹாபுக்கு ஒரு தடவை,
‘இரவு வேலை உடம்பைத் தின்றுவிடும்.
பகலில் சன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள்.’
தோல் வியாபாரிக்கு ஏது இரவு வேலை?
யாருக்கோ எழுதியது உறை மாறிவிட்டது போல,
பாவம், வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே பெட்டிக்குள்
நாலு ஊர்க் கடிதமும் ஒரே கட்டு.
மஞ்சள் நூல். மேலே துண்டுத்தாள்.
ஊதா மையில், அவர் கையெழுத்தில்
ஒரே சொல்:
காட்பாடி.

உறைகளைத் திருப்பினேன்.
ஆம்பூர் வஹாபின் மேல் காட்பாடி.
போளூர் நயினாரின் மேல் காட்பாடி.
வட்டம் பிசகாத, தேதி தெளிந்த முத்திரை.
மங்கலாகக் குத்தினால்
புதுப் பையன்களைத் திட்டுகிறவன் நான்.

‘பதில்கள்: கிடைக்கவில்லை’ என்று
அட்டையில் எழுதியிருந்தது.
இவர்களில் யாரையாவது தெரியுமா சார்,
தபாலில் இருந்தவராயிற்றே, என்றாள்.

தெய்வநாயகியைத் தெரியும்.

அந்தப் பல் என்னவாயிற்று?
சிரித்தாள். இவளும் படித்திருக்கிறாள்.

வியாழக்கிழமை போனேன்.
கூட்டம் குறைவாகத்தான் இருந்தது.