மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே

மைனஸ் இருபத்தாறு. போர்ட்டேஜ் அவென்யூவில்
பஸ் இறங்கிக் கடைக் கதவைத் தள்ளியபோது
மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து
ஓரெஸ்ட் எனக்கொரு வெள்ளை நிழலாகத்தான் தெரிந்தார்.

இந்தக் காலத்தில் சிடி பிளேயரா என்று
அவர் கேட்கவில்லை.
அதற்கே பாதிக் காசை
மனதுக்குள் கொடுத்துவிட்டேன்.

முதல் பெட்டி மெலிசு. மேலே தட்டினால்
பிஸ்கட் டின்னாய்க் கணகணத்தது.
இரண்டாவதற்கு உடம்பெல்லாம் நீல விளக்கு,
கல்யாண மண்டபம் தோற்றது.
மூன்றாவது பழையது, ஒரு கை மாறி வந்தது.
தட்டினேன்: டும். ஒரே சொல்.
தூக்கிப் பாருங்கள் என்றார்.
ஈரப் போர்வை மூட்டையின் கனம்,
எனக்குத் தெரிந்த கனம்.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
எட்டு மணி நேரமும் அதைத்தான் தூக்குகிறேன்,
பதினான்கு இயந்திரங்கள் ஒன்றாய்ச் சுழல,
பக்கத்தில் நிற்பவளிடமும் சைகையில் பேசியபடி.

எந்தப் பாட்டில் சோதிக்கலாம்?
கைப்பையிலிருந்து வீணைத் தட்டை எடுத்துக் கொடுத்தேன்.
மூன்றாவது முடிகிற இடத்தில் தொடங்குங்கள்,
நான்காவது தொடங்கியதும் நிறுத்துங்கள்.
நடுவில் ஒன்றுமில்லையே, என்றார்.
அதைத்தான் வாங்க வந்தேன்.

முதலாவதில் அந்த ஆறு நொடியும்
தட்டு சுழலும் சர்ரென்ற இரைச்சல்.
இரண்டாவதில் எங்கோ தூரத்தில்
யாரோ அப்பளம் பொரித்தார்கள்.
மூன்றாவதில்
சகானாவின் கடைசிச் சுரம் தேய்ந்து தேய்ந்து
எப்போது நின்றதென்று சொல்ல முடியவில்லை.
பிறகு எதுவுமில்லை.
பிறகு, அந்த எதுவுமில்லைக்குள்,
தந்தியை விட்டு ஒரு விரல் எழும் ஓசை.
பதினோரு வருடமாய்க் கேட்கும் தட்டு.
அங்கே ஓர் ஆள் இருப்பது இன்றுதான் தெரிந்தது.

எண்ணூற்றுத் தொண்ணூறு டாலர். ஆறு தவணை.
எண்களை நாதமாக்கும் சில்லைப் பற்றி
ஓரெஸ்ட் என்னவோ விளக்கினார், தலையாட்டினேன்.
தட்டை ஏந்தும் அந்த நாக்கு எத்தனை வருடம் உழைக்கும்,
பழுதானால் பாகம் கிடைக்குமா,
கீறல் விழுந்ததையும் சமாளிக்குமா,
நான் கேட்டதெல்லாம் இவைதான்.
இயந்திரங்களோடு மாரடிப்பவளிடம்
பளபளப்பு விலைபோகாது.

தண்டர் பே வழியில் ட்ரக்கை ஓரங்கட்டிவிட்டு
தவநேசன் கேட்டான்:
"உதுக்கேன் இவ்வளவு காசு?
போனிலை எல்லாப் பாட்டும் கிடக்குதே."
பாட்டு கிடக்குது, என்றேன்.

இரவு. சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து
மூன்றாவது முடியக் காத்திருந்தேன்.
முடிந்தது.
ம்ம்ம்ம் என்றது ஃபிரிட்ஜ்.

எட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம்.
அதற்கொரு சுருதி உண்டென்று இப்போதுதான் கேட்டேன்,
அதுவும் வீணைக்கு அரைக்கட்டை இறங்கி.
சுவருக்குள் வெந்நீர்க் குழாய் டொக் என்றது.
மேல்மாடியில் ரொடெல் செருப்போடு நடந்தான்.
தவணை போட்டு
என் வீட்டு இரைச்சலையே வாங்கி வந்திருக்கிறேன்.

குழாயை ஒன்றும் செய்ய முடியாது.
ரொடெல் தூங்கும்வரை பொறுத்தேன்.
பிறகு ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினேன்.
பால், தயிர், நேற்றைய மீன்குழம்பு,
எல்லாவற்றையும் பால்கனிப் பனியில் வைத்தேன்.
வின்னிபெக் குளிருக்கு முதல் தடவையாக
ஒரு நன்றி சொன்னேன்.

ஆறு நொடி.
திரும்பவும் ஆறு நொடி.
எத்தனை தடவை என்று எண்ணவில்லை,
சோபாவிலேயே தூங்கிப்போனேன்.

காலையில் பால் பெட்டி வயிறு வீங்கிக் கல்லாய் நின்றது.
தேத்தண்ணியை வெறுமையாகவே குடித்தேன்.
பிளக்கைச் சொருகியதும்
அரைக்கட்டை இறங்கிய அந்தச் சுருதி
விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.
மீன்குழம்புச் சட்டியைக் கரண்டியால் தட்டினேன்:
டும்.
நல்ல பெட்டி.