எதில் தடம் நிற்கும்

வால்பரைசோ துறைமுகக் கடையில்
மூன்று டப்பாக்கள் திறந்திருக்கின்றன.
கார்னவ்பா மெழுகு: கறுப்புக்கு ஆழம் தரும்,
உப்புக்காற்றில் மூன்றே வாரம்.
செயற்கைப் பூச்சு ஆறு மாதம் தாங்கும்.
இன்னொன்று கீறலை மறைக்கும், தீர்க்காது.

"என்ன வண்டி?"
"அமரர் ஊர்தி" என்கிறான் நிபால்தோ.
கேட்காமலே விலையைக் குறைக்கிறார் கடைக்காரர்.

போன செவ்வாய், மேட்டுப்பாதையில்,
பின்கதவில் முகம் பார்த்து
உதட்டுச் சாயத்தைச் சரிசெய்தாள்
இறந்தவனின் மனைவி.
சட்டென்று கூசி
தன் முகத்தைக் கதவின்மேலேயே பொத்தினாள்.
கழுவும்போது அந்தக் கையை மட்டும்
சுற்றிக்கொண்டு போனது அவன் துணி.
மறுநாள் மழை விடவில்லை.

"கை பட்டால் எதில் தடம் நிற்கும்?"

"எல்லாரும் நிற்காததைக் கேட்பார்கள்...
கார்னவ்பாவில்" என்கிறார்,
மன்னிப்புக் கேட்கும் குரலில்.

"இரண்டு கொடுங்கள்."