பார்க்கப் போனது வேறு

புந்தா அரேனாஸில் காற்று முற்றிய நாட்களில்
சதுக்கத்தின் ஓரம் கயிறு கட்டுவார்கள்,
ஜனங்கள் பிடித்துக்கொண்டு நடக்க.
டிசம்பரில் அப்படியொரு நாளில் வந்தான்
துசான். ஏழு வயது. இரண்டு மாதத் தலைவலி.
காதில் பஞ்சு வைத்தேன்.
உள்ளே தச்சர்கள் தட்டிக்கொண்டிருப்பார்கள், அசையாதே என்றேன்.
எத்தனை பேர் என்று கேட்டான்.
நாலு பேர் என்று சொல்லிவைத்தேன்.

படம் எடுப்பது என் வேலை,
படிப்பது இல்லை.
பதினோரு வருடமாய்க் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
கழுவிக் கவிழ்த்த தட்டுபோல
முகத்தை வைத்திருக்கப் பழகியவள்.
திரையில் அவன் தலை
துண்டம் துண்டமாய் வந்தது.
இடது பொட்டுக்கு உள்ளே
ஒரு வெள்ளை.
கரை சுத்தமாக,
அக்ரூட் அளவில்,
யாரையும் இடிக்காமல்.

அவன் அம்மா யெர்கா
திரையைப் பார்க்கவேயில்லை. என்னைப் பார்த்தாள்.
நான் குனிந்து பையனுக்குச் சட்டை மாட்டினேன்,
ஒரு பொத்தான் மாற்றிப் போட்டுவிட்டேன்.
அவளுக்கு அது போதும்.

நாலு நாள் கழித்து டாக்டர் ஓயார்சோ சொன்னது
கதவிடுக்கில் எனக்கும் கேட்டது.
தற்செயலாகத் தென்பட்டது. சிலந்திப் படலத்தில் நீர்ப்பை.
சிலந்தியா?
பெயரில் மட்டும்தான், அம்மா. பிறக்கும் முன்பே இருந்தது,
மூளை அதற்கு இடம்விட்டு வளர்ந்திருக்கிறது.
தொட வேண்டாம். ஓடட்டும், விளையாடட்டும்.
தலைவலி இதனால் இல்லை, கண்ணாடி போட்டால் போகும்.

படம் எடுக்காமல் இருந்திருந்தால்?
எண்பது வயதுவரை தெரியாமலே போயிருக்கலாம்.
பிறகு ஏன் என்னிடம் சொன்னீர்கள்?

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.
பதில் கேட்கவில்லை.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்கள்.
இங்கே கிளம்பியது வெறும் தண்ணீர்.
எங்கள் குழாயில் வருவதைவிடத் தெளிந்த தண்ணீர்.
இருந்தும் வெட்டியது வெட்டியதுதான்.
அவள் இனி ராத்திரிகளில் எழுந்து போய்
அதன் விளிம்பில் நிற்பாள்.
மூடித் தர எங்களிடம் மண் இல்லை.

பிப்ரவரியில் மறுபடி கயிறு கட்டினார்கள்.
மீன் வாங்கித் திரும்புகிறேன், எதிரே அவர்கள்.
பையனுக்குப் பச்சை நிறக் கண்ணாடி.
அவள் ஒரு கையில் கயிறு,
மறு கை அவன் தொப்பியின் இடதுபக்கம்,
கொதிக்கும் பாலை மூடியிருப்பதுபோல.
நீலச் சீருடை இல்லாத என்னை
அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.
அவன்தான் நின்றான்.
அந்த நாலு பேரும் வேலையை முடிச்சுட்டாங்களா?

முடிச்சுட்டாங்க, என்றேன்.
பணம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ட்டாங்க.

யாரிந்தப் பெண் என்று அவள் திரும்புவதற்குள்
நீரிணைப் பக்கமிருந்து வந்தது ஒரு வீச்சு.
கயிற்றுக்கு அவளுடைய இரண்டு கையும் வேண்டியிருந்தது.
தொப்பி எழும்பிக் கடைகளைத் தாண்டிப் போனது.
பையன் சிரித்தான்,
கண்ணாடியை மட்டும் பிடித்துக்கொண்டு.