காரணம்: யானை

இரவு இரண்டு பத்துக்கு வனத்துறையிலிருந்து போன்.
'கூட்டம் இறங்குது மேடம், லைனை நிறுத்துங்க.'
நிறுத்தினேன். பதினோரு ஊர் இருண்டது.
பதிவேட்டில், மின்தடைக்குக் காரணம் என்ற கட்டத்தில்,
மரக்கிளை, இடி, அணில் என்றெல்லாம் எழுதும் அதே இடத்தில்
யானை என்று எழுதினேன்.
ஆறு பனிக்காலமாக எழுதுகிறேன்.
ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

ஐந்தரைக்கு மறுபடி போன். 'காட்டுக்குள்ள போயிடுச்சு.'
கரண்ட் கொடுத்தேன். ஆறுக்குச் சாந்தமூர்த்தி வந்தான்,
மப்ளருக்குள்ளிருந்து கொட்டாவி விட்டபடி.
நாய்களை அவிழ்த்துக்கொண்டு கிளம்பினேன்.

ஃபியூஸ், துணைமின்நிலையத்துப் பழைய பெட்டியில் பிறந்தவன்.
தன் வாலைப் பார்த்துக் குரைப்பான்,
மீட்டர் எடுக்க வரும் பையனைப் பார்த்து,
காற்றில் உருளும் பால் கவரைப் பார்த்து.
மல்லி கிழவி. ஒரு கண் மங்கல்.
பன்னிரண்டு வருடத்தில் இரண்டு முறைதான் குரைத்திருக்கிறாள்,
இரண்டும் தூக்கத்தில்.

தேன்கனிக்கோட்டைக்கு வெளியே ஏரிக்கரை வழி.
மார்கழிப் பனி கம்பங்களின் இடுப்புவரை நிற்கிறது.
விட்ட மூச்சு முகத்திலேயே வந்து மோதுகிறது.
அறுத்த ராகி வயல்வயலாகப் போர் ஏறியிருக்கிறது.
திம்மராயப்பா வயலில் நேற்று மூன்று போர்.
இன்று ஐந்து.

எண்களோடு பிழைப்பவள் நான். மறுபடி எண்ணினேன்.
ஐந்து.
மூன்றாம் முறை எண்ணும்போது
ஒன்று காதை ஆட்டியது.

ஃபியூஸ் குரைக்கவில்லை.
என் பாதத்தின்மேல் உட்கார்ந்துகொண்டான், முழு எடையோடு.
அவன் நடுக்கம் என் முழங்கால்வரை ஏறியது.
மல்லி மட்டும் எப்போதும்போல
சர்வே கல்லடியில் மூத்திரம் பெய்தாள்,
அவசரமில்லாமல், கிழவிகளுக்கே உரிய நிதானத்தில்.
அவையும் காத்திருந்ததாகத்தான் தோன்றியது.

பிறகு ராகிக் கட்டு உருவப்படும் சத்தம்,
புதுத்துணி கிழிவதுபோல.
அதற்கும் அடியில் ஒரு முனகல்.
கேட்டது காதா, உள்ளங்காலா?
டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் ஆறு வருடம் இருந்தவளுக்கு
அந்த ஓசை அந்நியமில்லை.

பெரியது நகர்ந்தது. பின்னால் சின்னது,
தாயின் வாலைத் தொட்டும் தொடாமலும்.
போகும் திசையைப் பார்த்ததும்
அடிவயிறு கலங்கியது.
வயலின் மேற்கு மூலையில் கம்பி தொங்குகிறது.
அதைப் பற்றி மூன்று கடிதம் எழுதியிருக்கிறேன்.
ஓர் ஆள் கை தூக்கினால் எட்டாது என்று பதில் வந்தது.
கை தூக்கினால்.

போனை நெஞ்சோடு மறைத்துக் கிசுகிசுத்தேன்:
'சாந்தா, லைனை எடு.'
'பால் கறக்குற நேரம் மேடம். திட்டுவாங்க.'
'எடுடா.'
'காரணம் என்னன்னு எழுத?'
எத்தனை முறை எழுதிய சொல்.
அதற்கு இவ்வளவு வாசனை இருக்குமென்று தெரியாது:
ஈர மண், புளித்த தழை, பழைய சாக்கு.

ஏரிக்கு அப்பால் ஊர் விளக்குகள்
ஒரே இமைப்பில் போயின.
பெரியது கம்பியடியில் நின்றது.
தும்பிக்கையை உயர்த்தித் தொட்டுப் பார்த்தது,
கொடியில் கிடக்கும் சேலை காய்ந்ததா என்று பார்ப்பதுபோல.
காயவில்லை என்று விட்டுவிட்டதுபோலக்
கடந்து போனது. சின்னது ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டது.
பனி மூடியது.

லத்தி உருண்டைகள் ஆவி விட்டுக் கிடந்தன.
அப்போதுதான் ஃபியூஸுக்கு வீரம் வந்தது.
அவற்றைச் சுற்றிச் சுற்றிக் குரைத்தான்,
ஏரி முழுக்க நாய்கள் இருப்பதுபோல எதிரொலி.

சத்தம் கேட்டு ஓடிவந்தார் திம்மராயப்பா,
போர்வையும் டார்ச்சும், ஒற்றைச் செருப்பும்.
'ஆனெ எஷ்டு?'
'ரெண்டு.'
வெளிச்சம் வயலில் ஓடியது, நின்றது, திரும்ப ஓடியது.
என்னைப் போலவே அவரும் மூன்று முறை எண்ணினார்.
நிற்பது ஒன்றரைப் போர்.

'கரண்டும் இல்ல' என்றார்,
மேலே கம்பியைப் பார்த்து, அதனிடமே சொல்வதுபோல.
நான்தான் எடுத்தேன் என்று சொல்லவில்லை.
மல்லி அவருடைய வெறுங்காலை முகர்ந்தாள்.
பிறகு வீட்டுப் பக்கமாகக் கயிற்றை இழுத்தாள்.